பரிசல்காரி சொன்ன நாடு

முன்னொரு காலத்தில், ஓர் ஆற்றின் இந்தக் கரையில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரை இப்போது கேட்காதீர்கள். கதையே அந்தப் பெயரைப் பற்றியதுதான்.

அந்த நாட்டு மன்னர் அக்கரை மன்னரோடு மூன்று வருடம் போர் செய்தார். வென்றார். ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது, அது கிடைத்தது. மழைக்காலத்தில் அது முழுகிவிடும். போருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

வென்ற நாட்டுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று மன்னருக்குத் தோன்றியது. அதற்கு முன்பும் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. பதினொரு புலவர்கள் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு பெயர் செய்தார்கள். 'சகலபுவன விஜய வீரகண்ட மகாமண்டலம்.' அக்கரைக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். 'பகைப்புலம்.' இந்நாட்டை இப்பெயராலும் அந்நாட்டை அப்பெயராலும் மட்டுமே அழைக்க வேண்டும், தவறினால் நாக்கு அறுக்கப்படும் என்று பறையறைந்தார்கள். ஆற்றுத் துறையில் ஒரு வெற்றிக்கல் நட்டார்கள். அதன் அடியில், இறந்தவர்களுக்காக ஒரு வரி வெட்டினார்கள்.

அரண்மனையில் பூதன் என்றொரு விகடன் இருந்தான். மற்றவர்களைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் சபையில் மன்னர் கேட்டார்: "நாம் வைத்த பெயர் பரவியதா?"

"தங்கள் நாட்டில் தொட்டில் குழந்தையும் அந்தப் பெயரில்தான் மழலை பேசுகிறது, மன்னா" என்றார் பிரதானி கொழுந்தப்பர்.

பிரதானி என்றால் மந்திரிகளில் முதல்வர். பூதனைக் கண்டால் அவருக்கு ஆகாது. மன்னர் அவர் யோசனைக்குத் தலையாட்டுவார். பூதன் பேச்சுக்குச் சிரிப்பார். இரண்டில் எது பெரியது என்று பிரதானிக்குத் தெரியும்.

"உண்மைதான், மன்னா. நானே என் காதால் கேட்டேன்" என்றான் பூதன்.

"யார் சொல்லக் கேட்டாய்?"

"பறையடிப்பவன். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தான்."

மன்னர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அவரை உறுத்தியது. "நாமே போய்க் கேட்கிறோம்" என்றார். "மாறுவேடத்தில்."

"தாங்கள் வளையல் வியாபாரி. நான் கூவி விற்பவன். பெட்டி தூக்க ஓர் ஆள் வேண்டும்" என்றான் பூதன்.

சபையில் எல்லாரும் பிரதானியைப் பார்த்தார்கள். நம்பிக்கையான ஆள் என்று வேறு யாரையும் சொல்ல முடியாது. பெட்டி அவர் தலைக்கு வந்தது.

"இன்னொன்று, மன்னா. வழியில் 'நாம்' என்று சொல்லக் கூடாது. வளையல் விற்பவன் தன்னை 'நாம்' என்றால் மற்றவன் எங்கே என்று ஜனங்கள் தேடுவார்கள். 'நான்' என்று சொல்ல வேண்டும்."

மன்னர் 'நான்' என்று சொல்லிப் பார்த்தார். பட்டம் கட்டிய நாளிலிருந்து அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. வாயில் அது மிகச் சிறியதாக இருந்தது.

*

சந்தையில் ஒருவன் மோர் விற்றுக்கொண்டிருந்தான். மன்னர் அவனிடம் போனார்.

"நான் தெற்கேயிருந்து வருகிறேன். இது எந்த நாடு?"

"இதுவா? இது சந்தைங்க."

"சந்தை இருப்பது எந்த நாட்டில்?"

மோர்க்காரன் யோசித்தான். "இங்கனதான் இருக்கு."

"இதற்கு ஒரு பெயர் இருக்குமே."

"இருக்கும். போன மாசம் பறையடிச்சுச் சொன்னாக. கடையில அப்பப் பார்த்துக் கூட்டம். ரொம்ப நேரம் அடிச்சாக."

பெட்டிக்குக் கீழே பிரதானி இருமினார்.

"வடக்கே ஒரு நாடு இருக்கிறதே, அதை என்ன சொல்வீர்கள்?"

"அது எருமை வார ஊரு."

வடநாட்டு மன்னரிடம் ஆயிரம் யானை இருந்தது. சூரியனின் வம்சம் என்று சொல்லிக்கொள்வார். மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கிழக்கே?"

"உப்பு வார ஊரு."

"மேற்கே?"

"அங்கிட்டிருந்து மழை வரும். மழை வார பக்கமுன்னு சொல்லுவோம். அங்க ஊரு இருக்கா என்னன்னு தெரியலைங்க."

மேற்கு நாட்டு மன்னர் 'உலகாளன்' என்று கையெழுத்திட்டு ஓலை அனுப்புகிறவர். மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்றது. அதைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "சரி, எருமை வரும் ஊர்க்காரர்கள் இந்த ஊரை என்ன சொல்வார்கள்?"

"இதையா?" மோர்க்காரன் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தான். "சண்டைக்குப் போற ஊருன்னு சொல்லுவாக."

மன்னர் மீசையை ஒட்டிக்கொண்டார்.

"மோர் ஊத்தவா?"

"வேண்டாம்."

*

துறையில் ஒரு பரிசல் நின்றது. தள்ளுவதற்கு ஒரு பெண் இருந்தாள். போருக்குப் பிறகு அந்தத் துறையில் ஆண்கள் குறைவு. அவள் பெயர் பேச்சி. ஐம்பது வயதிருக்கும்.

"பெட்டிக்காரரே, நடுவுல உக்காருங்க. நீங்க ஓரத்துல உக்காந்தா எல்லாரும் ஆத்துல கெடப்போம்" என்றாள்.

பிரதானி நடுவில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி நேரானது. வெயில் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. மணல் திட்டைத் தாண்டும்போது மன்னர் சொன்னார்: "நான் வெளியூர்."

"தெரியுது. செருப்போட ஏறினீக."

"இது யாருடைய நாடு, அம்மா?"

"எங்க நாடுதான்."

"அரசருடையது இல்லையா?"

"அவருக்கு அரமணை இருக்குல்ல."

மன்னர் எதிர்க்கரையைக் காட்டினார். "அது?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அது எம்மவன் ஊரு."

"அங்கே பெண் எடுத்திருக்கிறானா?"

"சண்டைக்குப் போனான். அங்கனயே தங்கிட்டான்."

"சிறையிலா?"

"மண்ணுல."

துடுப்பு நான்கு முறை விழுந்தது.

"இருளப்பன்னு பேரு" என்றாள். யாரும் கேட்கவில்லை. "எந்த எடமுன்னு தெரியாது. ஒவ்வொரு எடமாத் தேடவா முடியும்? அதனால அந்தக் கரை மொத்தமும் அவன் ஊருன்னு வச்சுக்கிட்டேன்."

மன்னர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூதன் மன்னரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரதானி பூதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கரை சேராமலே பரிசலைத் திருப்பச் சொன்னார் மன்னர். இந்தக் கரையில் இறங்கியதும் பிரதானி பெட்டியைக் கீழே வைத்தார். கைதட்டினார். மரங்களுக்குப் பின்னாலிருந்து நான்கு காவலர்கள் வந்தார்கள்.

*

மறுநாள் காலை சபை கூடியது. பேச்சியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒருவன் குறடும் கத்தியும் வைத்துக்கொண்டு நின்றான். நாக்கை இழுப்பதற்குக் குறடு.

பிரதானி எழுந்தார்.

"மன்னா, சந்தையில் ஒருவன் பெயர் சொல்லவில்லை. அது மறதி. மறதியை மன்னிக்கலாம். இவள் மறக்கவில்லை. யோசித்துச் சொன்னாள். இவள்மீது இரண்டு குற்றம். தாங்கள் கேட்டபோது 'எங்க நாடு' என்றாள். 'நம்ம நாடு' என்று சொல்லவில்லை. 'நாம்' என்ற சொல் கேட்பவரையும் உள்ளே சேர்க்கும். 'நாங்கள்' என்ற சொல் கேட்பவரை வெளியே நிறுத்தும். கேட்டவர் தாங்கள். தங்களைத் தங்கள் நாட்டிலிருந்தே வெளியே தள்ளிவிட்டாள். எதிரியால் மூன்று வருடத்தில் முடியாததை இவள் மூன்றெழுத்தில் செய்துவிட்டாள்."

சபை தலையாட்டியது.

"இரண்டாவது குற்றம், பகைப்புலத்தைத் தன் மகன் ஊர் என்றாள். பகைவனோடு உறவு கொண்டாடினாள். சட்டப்படி நாக்கை அறுக்க வேண்டும்."

பேச்சி மன்னரைப் பார்த்தாள். நேற்றைய வளையல்காரரின் முகம் கிரீடத்துக்குக் கீழே இருந்தது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பூதா, நீயும் கேட்டாய். என்ன சொல்கிறாய்?" என்றார் மன்னர்.

"இரண்டாவது குற்றத்திலிருந்து தொடங்குகிறேன், மன்னா. துறையில் நட்ட வெற்றிக்கல்லின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்கள்."

ஓலை எழுதும் ராயசக்காரரிடம் அதன் படி இருந்தது. படித்தார்: "'பகைப்புலத்தில் வீழ்ந்த வீரர் மாண்டார் அல்லர். அம்மண்ணை என்றும் ஆள்கின்றார்.'"

"யாருடைய வாக்கு?"

"நமது வாக்கு" என்றார் மன்னர்.

"ஒருவன் ஆளும் ஊரை அவன் ஊர் என்று சொல்வது குற்றமானால், முதலில் அந்தக் கல்லின் நாக்கை அறுக்க வேண்டும். இவளுக்கு எழுத்துத் தெரியாது, மன்னா. படித்தவர்கள் எல்லாரும் அந்த வரியைப் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். படிக்காமலே நம்பியவள் இவள் ஒருத்திதான்."

மன்னர் அந்த ஓலையை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். "இரண்டாவது குற்றம் இல்லை" என்றார் கடைசியில்.

"முதல் குற்றம்" என்றான் பூதன். "மன்னர் தம் வாயால் 'நான் வெளியூர்' என்றார். வெளியூர்க்காரரிடம் 'நம்ம நாடு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மன்னர் வாக்கை நம்பினாள். நம்பாமல் இருந்தால் அல்லவா குற்றம்?"

"மன்னா!" பிரதானி குறுக்கிட்டார். "தாங்கள் எந்த வேடத்தில் நின்றாலும் தங்கள் நாடு தங்கள் நாடுதான். அறிந்தே தங்களை விட்டுச் சொன்னாலும் அறியாமல் விட்டுச் சொன்னாலும், விட்டது விட்டதுதான்."

மன்னர் கையை உயர்த்தினார்.

"வேடம் இருக்கட்டும். நமக்கு அந்தச் சொல் தைத்தது. மூன்று வருடம் போர் செய்தோம். பதினொரு புலவர்கள் பெயர் செய்தார்கள். ஒரு வாயில்கூட நாம் இல்லை. நம் நாட்டை நம் நாடு என்று சொல்லாதவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று நமக்குத் தெரிய வேண்டும்."

பிரதானி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பூதனையே அனுப்புங்கள், மன்னா. நாளைக் காலைக்குள் பட்டியல் கொண்டுவரட்டும். ஒன்று இரண்டு பெயரோடு தப்பக் கூடாது. நாற்பது பெயராவது வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் முன்னால் நின்று தம் வாயாலேயே அதை மறுபடி சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இந்தப் பெண்ணின் நாக்கோடு பூதன் நாக்கும்."

குறடு பக்கத்தில் இருக்கும்போது யார் வந்து சொல்வார்கள்? சபைக்கு அது புரிந்தது. சிலர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"பட்டியல் சரியாக இருந்தால்?" என்றான் பூதன்.

"இவளை விடுகிறோம்" என்றார் மன்னர்.

"ஒரே ஒரு சந்தேகம், பிரதானியாரே. மன்னரை விட்டுச் சொன்னால் குற்றம். தன்னை விட்டுச் சொன்னால்?"

"விளங்கவில்லை."

"ஒருவன் இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டுச் சோறு தின்று, 'இது என்னுடையது இல்லை, வேறொருவருடைய நாடு' என்று சொன்னால்?"

"தன்னையே விட்டுச் சொல்பவன் அந்நியன்தானே? அவன் இவளைவிடக் கேடு. இதில் என்ன கேள்வி?"

"எழுதிக்கொள்ளலாமா?"

"எழுது, எழுது" என்றார் பிரதானி. ராயசக்காரர் எழுதினார். மன்னர் முத்திரை வைத்தார்.

*

பூதன் அரண்மனையை விட்டு வெளியே போகவில்லை. நாள் முழுவதும் சபையின் ஒரு மூலையில் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சாடை பேசினார்கள்.

"என்ன பூதா, நாற்பது பேரும் தாமாக நடந்து வருவார்களா?" என்றார் தளவாய், படைக்குத் தலைவர்.

"வருவார்கள்" என்றான் பூதன். ஏதோ எழுதினான்.

மாலையில் பேச்சியை அடைத்திருந்த அறைக்குப் போனான். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"கூவுற தம்பிதானே? நீ ஒரு வளையல்கூடக் கூவலையே. அப்பவே சந்தேகப்பட்டேன்."

"சாப்பிட்டியா அக்கா?"

"வச்சாக. நாக்கு இருக்குறப்பச் சாப்புட்டுக்கன்னு ஒருத்தன் சொன்னான். அதுக்கப்புறம் எறங்கல."

பூதன் எதிரே உட்கார்ந்தான்.

"நான் என்ன சொல்லியிருக்கணும் தம்பி?" என்றாள்.

"'நம்ம நாடு'ன்னு சொல்லியிருக்கணும்."

"வளையல்காரங்கிட்டயா? அது எப்படி? வெளியூருக்காரனப் போயி நம்மன்னு சொன்னா, என்ன இவ ஈஷிக்கிட்டு வாரான்னு நெனைக்க மாட்டானா?"

"நெனைப்பான்."

"ராசான்னு தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவள் யோசித்தாள். "பரிசல்லயே ஏத்தியிருக்க மாட்டேன்" என்றாள்.

பூதன் எழுந்தான். வாசலில் நின்று சொன்னான்: "நாளைக்கு மன்னர் கேட்டா நம்ம நாடுன்னு சொல்லு. அவர் அதைக் கேக்கணும்னு இருக்காரு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"நம்ம நாடு" என்று அவள் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தாள். அவன் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் சபை நிறைந்திருந்தது. நாற்பத்திரண்டு ஆசனத்திலும் ஆள். ஒருவர்கூட வராமல் இல்லை. ஒரு நாக்குப் போவதைப் பார்க்க வந்தவர்கள் சிலர். இரண்டு நாக்கு என்று நம்பி வந்தவர்கள் பலர்.

பூதன் சுருட்டிய ஓலையோடு வந்தான். தனியாக வந்தான்.

"எங்கே உன் நாற்பது பேர்?" என்றார் பிரதானி.

"இருக்கிறார்கள். மன்னா, பட்டியலைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். பரிசலில் கேட்ட அதே கேள்வியைத் தாங்கள் இந்தச் சபையில் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். விசுவாசிகளின் பதிலைக் கேட்டால்தான் மற்றவர்களின் கேடு விளங்கும்."

மன்னர் பிரதானியைப் பார்த்தார். "இது யாருடைய நாடு?"

பிரதானி மார்பில் கைவைத்துக் குனிந்தார். "தங்கள் நாடு, மன்னா!"

"தளவாய்?"

"தங்கள் நாடு!" தளவாயின் குரல் பிரதானியின் குரலைவிடப் பெரியது.

"புரோகிதரே?"

"தங்கள் நாடு, தங்கள் சந்ததியின் நாடு!"

அடுத்தவர் கண்ணீர் விட்டுக்கொண்டு சொன்னார். அதற்கடுத்தவர் தரையில் விழுந்து சொன்னார். ராயசக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று சொன்னார். நாற்பத்திரண்டு பேர் சொல்லி முடித்தார்கள். மன்னர் முகம் மலர்ந்திருந்தது.

"பூதா, நீ?"

"தங்கள் நாடு, மன்னா" என்றான் பூதன். ஓலையை நீட்டினான். "இதுதான் பட்டியல். நாற்பத்துமூன்று பெயர். முதல் பெயர் என்னுடையது. எல்லாரும் தங்கள் முன்னால் நின்று தம் வாயால் சொல்லிவிட்டார்கள்."

மன்னர் ஓலையைப் பிரித்தார்.

"நேற்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றான் பூதன். "பிரதானியார் சபை கலைந்ததிலிருந்து சாப்பாட்டு வேளைக்குள் 'தங்கள் நாடு' என்று பதினேழு முறை சொன்னார். 'நம் நாடு' என்று ஒருமுறையும் சொல்லவில்லை. தன்னை விட்டுச் சொல்பவன் அந்நியன். அவனே பெரிய கேடு. அவர் சொன்ன விதி. தங்கள் முத்திரை இருக்கிறது."

"அது மரியாதை!" என்று கத்தினார் பிரதானி. "மன்னா, அது மரியாதைச் சொல்!"

"முத்திரை வைத்த ஓலையில் மரியாதை என்று ஏதும் இல்லையே" என்றான் பூதன். "ஆனாலும் ஒரு வழி சொல்கிறேன். மன்னர் முகத்தைப் பார்த்து, 'மன்னா, இது நம்ம நாடு' என்று சொல்லிவிடுங்கள். இப்போதே தங்கள் பெயரை அடித்துவிடுகிறேன்."

பிரதானி மன்னரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"இது ந..." என்றார்.

மன்னரின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. 'நம்ம நாடு' என்பதற்கும் 'பாதி நாடு எனக்கு' என்பதற்கும் அதிகத் தூரம் இல்லை. பிரதானி வாயை மூடிக்கொண்டார். தளவாய் தன் பாதத்தைப் பார்த்தார். குறடு வைத்திருந்தவன் நாற்பத்துமூன்று என்பதைக் கேட்டுவிட்டுக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"அப்படியானால் நம் சபையில் இந்த நாட்டுக்காரர் யாருமே இல்லையா?" என்றார் மன்னர்.

"ஒருவர் இருக்கிறார். தாங்கள். தாங்கள் மட்டும்தான் 'நம் நாடு' என்கிறீர்கள்."

"நாம் மட்டுமா?"

"தங்கள் 'நாம்' என்பதில் ஒருவர்தானே இருக்கிறார், மன்னா."

மன்னர் ஓலையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வயிற்றால். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் சபை சிரித்தது. பிரதானியும் சிரித்தார். அவருக்கு வேறு வழியில்லை.

"பெயர்ச் சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்" என்றார் மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாற்பத்துமூன்று நாக்கையும் அறுத்துவிட்டு நாம் யாரோடு பேசுவது?" தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிப் பூதன் கையில் போட்டார். "அந்தப் பெண்ணை விடுங்கள்."

பேச்சியின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். அவள் அங்கேயே நின்றாள். போகலாமா என்று தெரியவில்லை.

மன்னர் ஆசனத்திலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்தார். அன்று அவருக்கு மனம் இளகியிருந்தது. குனிந்து, பரிசலில் கேட்ட அதே குரலில் கேட்டார். இப்போது அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும் என்று நினைத்தார்.

"சொல், அம்மா. இது யாருடைய நாடு?"

பேச்சி பூதனைப் பார்த்தாள். அவன் உதடு 'நம்ம' என்று அசைந்தது. அவள் குறட்டைப் பார்த்தாள். பிறகு கைகூப்பினாள்.

"உங்க நாடு, சாமி."

சபையில் யாரோ சிரித்தார். அவர் தனியாகச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மன்னர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். கையிலிருந்த ஓலையைப் பார்த்தார். நாற்பத்துமூன்றாவது பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

"எழுத வேண்டாம், பூதா" என்றார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"எழுதவில்லை, மன்னா."

*

பூதன் துறைவரைக்கும் பேச்சியோடு நடந்து வந்தான். காப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"எனக்கெதுக்கு? ஆத்துல விழுந்துரும்" என்றாள்.

பரிசல் இரண்டு நாளாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. இருவரும் அதைப் புரட்டினார்கள். வெற்றிக்கல் அங்கேயே நின்றது. ஆள்கிறவர்கள் யாரும் தென்படாமல் எதிர்க்கரை வெயிலில் கிடந்தது.

"நம்மன்னு சொல்லச் சொன்னேனே அக்கா."

"ராத்திரி பூரா சொல்லிப் பாத்தேன் தம்பி. அவரு மூஞ்சியப் பாத்ததும் வரல." பரிசலைத் தண்ணீரில் தள்ளினாள். "ராசா கோவிச்சுக்கிட்டாகளா?"

"இல்லை."

"பெறகு ஏன் நான் சொன்னதுக்குச் சிரிக்கல?"

பூதன் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறித் துடுப்பை எடுத்தாள்.

"இனிமே யாராவது இது யார் நாடுன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றான்.

"யாரு கேக்குறாகன்னு பாத்துட்டுச் சொல்லுவேன்" என்றாள் பேச்சி. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி நேரானது.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். புலவர்கள் செய்த பெயர் புலவர்களோடு போயிற்று. எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர் அந்த ஊர்க்காரர். அது எந்த நாடு என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அந்தப் பக்கம்" என்றார்.